டேப்பெட்டை இறுக்கியவள்

அந்த மோட்டார் சைக்கிளைக் கெடுத்தவள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரமும் என் வீட்டுக்காரர் மூச்சு விடுகிறாரா என்று கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். பார்த்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், யோங் பெங்கில், தாமான் என்று சொல்கிற ஒரு குடியிருப்பில், சுவரும் சுவரும் ஒட்டிய வரிசை வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தமிழ்ப்பள்ளிக் கேண்டினில் சமைக்கிறேன். அவர் இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் கப்பல் இன்ஜின்களைப் பழுது பார்த்தவர். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஒருநாள் ஆள்குறைப்பு என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரோடு இன்னும் பலருக்கும் அதே கடிதம்தான். ஆனால் அதற்கு முந்தின மாதம் அவர் பூட்டிய ஒரு பம்ப் ஒழுகியதாம். அதனால்தான் தன்னை அனுப்பினார்கள் என்று இவர் பிடித்த பிடியாக நின்றார். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அந்தப் பம்பிலேயே வந்து நிற்பார்.

அதற்குப் பிறகு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நாள்முழுதும் அவர் செய்த ஒரே வேலை, சாயங்காலம் ஆறு மணிக்குப் போர்ச்சில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்பது. ஆங்கிலேயர் காலத்து வண்டி, ஒற்றை சிலிண்டர். மெர்சிங்கில் ஒரு மீன் கொட்டகைக்குப் பின்னால் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்து, நான்கு வருடம் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பேன், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். அந்த நான்கு வருடத்தில் எனக்கும் அந்த இன்ஜின் ஓரளவு புரிந்துவிட்டது. அந்த ஓரளவுதான் வினையாகப் போனது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் மாதாகோயில் பங்கில் தவக்காலம் முழுக்க வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். இரண்டாவது வியாழன் எங்கள் வீட்டு முறை. முந்தின வாரம் பக்கத்துத் தெருவில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் வண்டிச் சத்தம் அங்கேயே கேட்டது. ஜெபத்தை நடத்தும் அம்மா என்னைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரரு மோட்டர் அருள்நிறைந்த மரியேவுக்குத் தாளம் போடுதுலா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. வேலையில்லாமல் வீட்டில் கிடக்கும் ஒருவரின் மனைவிக்கு யார் எதைச் சொன்னாலும் அதற்கு வேறொரு அர்த்தம் கேட்கும்.

அவரிடம், அந்த ஒருநாள் மட்டும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. அவருக்கு இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். சரி, வண்டி ஓடட்டும், சத்தம் மட்டும் குறையட்டும் என்று நானே முடிவு செய்தேன். புகைக்குழாய்ச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்கு மேலே டிக் டிக் என்று ஓர் ஒலி வருமே, அது டேப்பெட் சத்தம் என்று எனக்குத் தெரியும். வால்வின் தண்டு நுனிக்கும் அதைத் தட்டும் இரும்புக் கைக்கும் நடுவில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். தட்டும்போது வரும் சத்தம்தான் அது. இடைவெளியை அடைத்தால் சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதானே? புதன்கிழமை அவர் ஜொகூர் பாருவுக்கு ஒரு வேலை நேர்முகத்துக்குப் போயிருந்தபோது மூடியைத் திறந்து, இரண்டு டேப்பெட்டையும் ஆட்டம் கொஞ்சமும் இல்லாதபடி இறுக்கிவிட்டேன். சமையலுக்கு உப்புப் போடுகிற தைரியத்தோடு செய்தேன்.

வியாழக்கிழமை வண்டி பூனை மாதிரி ஓடியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இன்னிக்கு என்ன இவ்ளோ அமைதியா இருக்கு?” என்றார். “அதுக்கும் தவக்காலம் போல” என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், செய்ததைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பத்து நாள் போனது. அவர் முகம் தெளிந்த மாதிரி தெரிந்தது. ஒரு சனிக்கிழமை நானே பிடித்துத் தள்ளினேன், “மெர்சிங் வரைக்கும் போய் மீன் வாங்கிட்டு வாங்களேன். வண்டியும் ஓடின மாதிரி இருக்கும்.” போனார். மத்தியானம் ஒரு லாரியில் வந்து இறங்கினார், வண்டியும் அதே லாரியில். காஹாங் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் நிற்கிற சாலையில் வண்டி இழுவையை இழந்து, படபடவென்று வெடித்து, நின்றுவிட்டதாம். போர்ச்சில் இறக்கியதும் உதைமிதியைக் கையால் அழுத்திக் காட்டினார். வழக்கமாகக் காலையே திருப்பித் தள்ளுகிற மிதி, ஒரு முக்கல் முனகல் இல்லாமல் கீழே போனது.

“உள்ள அழுத்தமே இல்ல. வால்வு எரிஞ்சிருச்சு” என்றார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், “நான் தொட்டது எதுவும் உருப்படாது” என்றார்.

மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் இறுக்கியதுதான் காரணமாக இருக்கும் என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம், பழைய வண்டிதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் தணியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளைக்கும் சொல்லவில்லை. அவர் குளிப்பதை நிறுத்தினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவார். கேட்டால் பசியில்லை என்பார். கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை கேண்டினிலிருந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வீட்டுப் பத்திரம், காப்புறுதித் தாள்கள், சேமிப்புப் புத்தகம் எல்லாம் அடுக்கி, மேலே ஒரு துண்டுத் தாளில் என் பெயர்.

“இதெல்லாம் எதுக்குங்க?”

“ஒரே எடத்துல இருக்கட்டும்னுதான். நாளைக்கு நீ தேடிக்கிட்டு நிக்க வேணாம்.”

அன்றே வீட்டில் இருந்த மாத்திரைகளை எல்லாம் கைப்பையில் போட்டுக் கேண்டினுக்குக் கொண்டுபோய்விட்டேன். பக்கத்து வீட்டு ஆன்டியிடம், நான் இல்லாத நேரத்தில் எதையாவது சாக்கு வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்காவது சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவருக்கு மிச்சமிருந்த ஒரே துணை நான்தான், அந்த நம்பிக்கையும் போய்விட்டால் என்ன ஆவது என்று பயந்தேன் என்று எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். அவர் கையால் நான்கு வருடம் செய்ததை, நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காகக் கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் வேறொரு வழி பிடித்தேன். வண்டியைச் சரிசெய்துவிடுவது. வண்டி ஓடினால் அவர் எழுந்துவிடுவார், அப்புறம் யார் கெடுத்தது என்ற பேச்சே வராது. பிடிவாதமாக அதை நம்பினேன்.

மறுநாள் மத்தியானமே தொடங்கிவிட்டேன். அவர்தான் போர்ச்சுப் பக்கமே வருவதில்லையே. புகைக்குழாயைக் கழற்றி, கார்புரேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் மேல்தலையைத் தூக்கி எடுத்தேன். உள்ளே பார்த்தேன். பெட்ரோல் உள்ளே வரும் வால்வு கறுத்திருந்ததே தவிர முழுதாக இருந்தது. புகை வெளியேறும் வால்வின் விளிம்பில் எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு துண்டே காணோம். வால்வுகளை ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்கும் அரைவட்டத் துண்டுகள், அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, அதில் ஒன்று தெறித்துச் சாக்கடைக்குள் போய்விட்டது. கைவிட்டு அலசி எடுத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் என் விரல் நகங்களைப் பார்த்தார். ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

யோங் பெங்கில் இரண்டு கடையில் கேட்டேன். இந்த வண்டிக்குச் சாமான் கிடையாது, காட்சிக்கு வையுங்கள் என்றார்கள். காஹாங்கில் தோட்டத்து டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் கடைசல் வேலை செய்கிற தமிழர் ஒருவர் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். மேல்தலையைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் இன்ஜின் பார்த்தவர் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, எரிந்த வால்வை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டேப்பெட்ட யாரு இப்படி டைட்டா வெச்சதுக்கா?”

“ஏன்?”

“அலமாக், கொஞ்சமாச்சும் கேப் விடணும்லா. இது மூடவே இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் நெருப்பு இந்தச் சந்துல பூந்து போயிருக்கு. இன்ஜின் தெரிஞ்ச ஆளு செய்யற வேலையா இது?”

எனக்கு நானே வைத்திருந்த வக்கீல் அங்கேயே எழுந்து போய்விட்டான். பட்டறைக்காரர் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்காரருதான்” என்றேன்.

சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “சிங்கப்பூர்ல கப்பல் இன்ஜின் பாத்தவருன்னீங்க?” என்று அவர் ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நிறுத்த ஒரு வார்த்தை போதும். அதையும் நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

வேலையில் பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான். ஒரு பெரிய லாரி வால்வை எடுத்து, கடைசலில் இழைத்து இழைத்து எங்கள் வண்டி அளவுக்குக் கொண்டுவந்தார். வால்வு வந்து உட்காரும் வளையத்தையும் வெட்டிச் சீராக்கினார். ஆனால் இரண்டு வாரம் காக்கவைத்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் ஏதோ உடைந்துவிட்டது, அதுதான் முதலில் என்றார். அந்த இரண்டு வாரத்துக்குள் ஈஸ்டர் வந்து போனது. என் வீட்டுக்காரர் பூசைக்கு வரவில்லை. நான் போனேன். கோயிலில் என்ன வாசித்தார்கள் என்று இன்றைக்கும் நினைவில்லை, பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அவர் அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வேலை முடிந்து எடுத்துக்கொள்ளப் போனபோது பட்டறைக்காரர் சொன்னார், “இனிமே மெஷின் வேல இல்லக்கா. வால்வும் எடமும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். கையால தேச்சிதான் பழக்கணும். மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்க. ஒரு சொட்டு எறங்கினாலும் மறுபடியும் தேய்க்கணும்.”

தேய்ப்பதற்கு மண் கலந்த ஒரு பசை உண்டு. அதை வால்வின் விளிம்பில் தடவி, இடத்தில் உட்காரவைத்து, அதன் முகத்தில் ரப்பர்க் கிண்ணம் வைத்த குச்சியை ஒட்டி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், மத்தை உருட்டி மோர் கடைகிற மாதிரி. கொஞ்சம் உருட்டி, தூக்கி, கால்வாசி திருப்பி, மறுபடி உட்காரவைத்து உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று இருக்கும். போகப்போகச் சத்தம் மெலியும். துடைத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் அறுபடாமல் தெரிய வேண்டும். அடுப்படி மேசையில், சோறு வெந்துகொண்டிருக்கும்போது, நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கேண்டினில் கேட்டவர்களிடம் சூடான சட்டி என்றேன்.

முதல் நாள் மண்ணெண்ணெய் ஊற்றியதும் அடியில் சரசரவென்று இறங்கியது. இரண்டாம் நாளும் இறங்கியது. மூன்றாம் நாள் ஒரே ஒரு சொட்டு, அரை மணி நேரம் கழித்து மெல்லக் கசிந்து வந்து தொங்கியது. அந்தச் சொட்டைப் பார்த்து மேசையில் தலையை வைத்து அழுதேன். அன்று காலை அவர் என்னிடம், “நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வாயேன்” என்றிருந்தார். எதற்கு என்னை அனுப்பப் பார்க்கிறார்? எனக்குத் தெரியும் எதற்கென்று. ஆனாலும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போகாமல், பசை டப்பாவைத்தான் திறந்தேன். இதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் எண்ணெய் ஊற்றியது ஊற்றியபடி நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன். வால்வின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது.

ஈஸ்டர் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். டேப்பெட்டுக்கு அளவுத் தகடு வைத்து, பட்டறைக்காரர் சொன்ன இடைவெளியை மூன்று தடவை சரிபார்த்தேன். மிதியில் காலை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. என் எடை முழுவதையும் போட்டாலும் திருப்பித் தள்ளியது. அந்தத் தள்ளலை என் முழங்கால் இன்னும் மறக்கவில்லை. ஏழெட்டு உதை வாங்கிக்கொண்டு இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. புகைக்குழாய் முழங்க, மேலே டிக் டிக் டிக்.

வண்டியை ஓடவிட்டபடியே உள்ளே ஓடினேன். அவர் எழுந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கிறார். அப்பா, முடிந்தது, காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

“வாங்க, வந்து பாருங்க.”

“யாரு செஞ்சா?”

“காஹாங்ல கடைசல் பிடிச்சிக் குடுத்தாங்க. மிச்சம் நான்.”

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். “நல்லா ஓடுது” என்றார். “நீயே வெச்சுக்க. நான் தொட்டா மறுபடியும் போயிரும்.”

சொல்லிவிட்டு, காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பினார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வாரம் செய்தது அத்தனையும் வீண் என்று தெரிந்தது. இனி கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“அத நீங்க கெடுக்கல” என்றேன். “நான்தான் கெடுத்தேன்.”

அவர் திரும்பவில்லை. “தேத்தறதுக்காகச் சும்மா சொல்லாத.”

நம்பவில்லை! எப்படி நம்புவார்? ஏழு வாரம் கழித்துச் சொல்கிற உண்மை அவர் காதில் ஆறுதல் வார்த்தை மாதிரிதான் விழுந்தது. எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கிழமை, எந்த ஸ்பேனர், எந்த நட்டு, அவர் அன்று எந்தச் சட்டை போட்டுக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனார், ஜெபக் கூட்டத்தில் யார் என்ன சொல்லிச் சிரித்தார்கள், எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். முதுகு அசையவில்லை. கடைசியில், “பட்டறையில யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. உங்களச் சொல்லிட்டேன்” என்றேன்.

முதுகு அசைந்தது.

“என்ன?”

“நீங்கதான் டேப்பெட்ட இறுக்கினீங்கன்னு சொல்லிட்டேன். அவரு சிரிச்சாரு. நானும் சும்மா நின்னேன்.”

எழுந்து உட்கார்ந்தார். “என்னையா சொன்ன? டேப்பெட்டுக்குக் கேப் விடத் தெரியாதவன்னா சொன்ன?” கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேகமாகப் போர்ச்சுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியை அணைத்தார். அணைத்த பிறகு அவர் குரல்தான் தெரு முழுக்கக் கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படித் திட்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். இவர் திட்டத் திட்ட, ஒழுங்காகச் சாப்பிடாத ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தெம்பு எங்கே இருந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குரல் சட்டென்று இறங்கியது.

“அந்தக் கவர்ல உன் பேரு எழுதி வெச்சிருந்தத நீ பாத்த இல்ல?”

“பாத்தேன்.”

“எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா உக்காந்து வால்வு தேச்சிக்கிட்டு இருந்த?” என்றார். “நான் போயிருந்தா, இந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணி யாருக்குக் காட்டியிருப்ப?”

அவர் உள்ளே போகவில்லை. இத்தனை வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றார்.